பச்சைப் பொத்தான்

கிராகோவ், போலந்து
3 செப்டம்பர் 2025, புதன்

ஹரிதாவின் நைனாவுக்குத் தாட்சாயணி வணக்கத்தோடு எழுதுவது.

நான் சுகமாக வந்து சேர்ந்தேன். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? சர்க்கரை மாத்திரையை இரண்டு வேளையும் போடுகிறீர்களா? டப்பாவில் கிழமை எழுதி வைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை மாத்திரையை வெள்ளிக்கிழமை போட்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.

இதைத் தாளில் எழுதுகிறேன், ஹரிதா போட்டோ எடுத்து உங்கள் போனுக்கு அனுப்புவாள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். தறி ஓட்டும் ரமணாவிடம் கொடுத்தால் எடுத்துத் தருவான். முப்பத்தைந்து வருஷம் ஆறு தறிக்கு நடுவில் நின்று காதைத் தொலைத்துவிட்டீர்கள். வீடியோவில் கூப்பிட்டால் நான் வாயை அசைக்கிறேன், நீங்கள் தலையை அசைக்கிறீர்கள். போனைத் தறிமேல் வைக்கிறீர்கள். தறியே நடுங்கும்போது போன் நடுங்குவது யாருக்குத் தெரியும்? பேங்க் மெசேஜ் ஒன்றைத்தான் காலையும் மாலையும் தேடிப் பார்ப்பீர்கள். ஆகவே நீங்கள் எழுதினால்தான் நீங்கள் அங்கே நன்றாக இருப்பது எனக்குத் தெரியும். பிரசவம் பார்க்க வந்தவள் மூன்று மாதம் உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இருக்க மாட்டேன். இப்போதே சொல்லிவிட்டேன்.

ஹரிதா வயிறு இறங்கி இருக்கிறது, அக்டோபர் நடுவில் ஆகிவிடும். மாப்பிள்ளை யஸ்வந்த் நல்ல பிள்ளை, தானே தோசை ஊற்றுகிறார்.

இந்த ஊர்க் காசுக்கு ஸ்வோட்டி என்று பேர். ஏர்போர்ட்டிலேயே நூறு யூரோ கொடுத்து மாற்றினேன், முந்நூற்று ஐம்பத்தைந்து கொடுத்தான். மாப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டார். "அத்தே, இன்னாத்துக்கு அங்க மாத்தினீங்க? ஊருக்குள்ள நானூத்தி இருவத்திரண்டு குடுப்பானே!" என்றார். உங்களிடம் மறைக்க வேண்டாம் என்று எழுதுகிறேன். கோபிக்காதீர்கள்.

குளிருக்கு முட்டி கொஞ்சம் பிடிக்கிறது, மற்றபடி சுகம். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

தாட்சாயணி


நகரி
3 செப்டம்பர் 2025

தாட்சாயணிக்குச் சின்னசாமி எழுதுவது.

நலம். மாத்திரை போடுகிறேன்.

அறுபத்தேழு ஸ்வோட்டி! நம் காசில் ஆயிரத்து அறுநூறு ரூபாய்! திருப்பதியில் அந்தக் காசு மாற்றும் கடையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, எதிர்க் கடைக்குப் போவதுபோல் இரண்டு தரம் எழுந்து நின்று, யூரோவுக்கு நாற்பது பைசா குறைத்து வாங்கினேன். இருநூறு யூரோவுக்கு எண்பது ரூபாய் மிச்சம். ஆட்டோ ஏறினால் அது போய்விடும் என்று பஸ் ஸ்டாண்டு வரை உன்னை நடத்தியே கூட்டிவந்தேன். நீ அங்கே இறங்கிய அரைமணியில் ஆயிரத்து அறுநூறைக் காற்றில் விட்டாய்.

போனது போகட்டும். இனிமேல் நான் சொல்வதுபோல் செய். கீழே எழுத்து ஓடுகிற வீடியோ பதினொன்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன். காசு மாற்றும் கடைப்பக்கமே போகாதே. உன் கார்டை வெளிநாட்டில் வேலை செய்ய வைப்பதற்காக நான் சித்தூருக்கு இரண்டு நடை நடந்திருக்கிறேன், அதைப் பயன்படுத்து. பெட்டிக்கடை வாசலில் மஞ்சளும் நீலமுமாக நிற்கிற ஏ.டி.எம். மெஷின் வேண்டாம், பேங்க் சுவரிலேயே பதித்திருக்கிற மெஷினாகப் பார். நம் பேங்க் ஒவ்வொரு தடவைக்கும் நூற்றைம்பது ரூபாய் பிடிப்பான், ஆகவே சில்லறை சில்லறையாக எடுக்காமல் ஒரே தடவையாக எடு.

முக்கியமானது இது. பணம் வருவதற்கு முன் மெஷின், ரூபாயில் கணக்குப் போடட்டுமா என்று கேட்கும். நம் ஊர்க் காசாயிற்றே என்று மயங்கிவிடாதே. அவன் வைத்த ரேட்டில் மாற்றுவான். கடைக்காரனே தராசும் படிக்கல்லும் வைத்துக்கொண்டு நிறுப்பதுபோல. ஆமாம் என்பதற்குப் பச்சைப் பொத்தான் போட்டு ஆசை காட்டுவான். வேண்டாம் என்று அழுத்து. வேண்டாம் என்றால் பணமே வராதோ என்று பயமாக இருக்கும். வரும். அந்த ஊர்க் காசிலேயே கணக்குப் போடு என்று சொன்னதாக அர்த்தம்.

ஹரிதாவைக் கேட்டதாகச் சொல்.

சின்னசாமி


கிராகோவ்
9 செப்டம்பர் 2025, செவ்வாய்

ஹரிதாவின் நைனாவுக்கு வணக்கம். இங்கே மூவரும் சுகம். உங்கள் சுகத்தை நீங்கள் எழுதினால் தெரிந்துகொள்வேன்.

உங்கள் கடிதம் கண்டு சிரித்தேன், கோபமும் வந்தது. நலம் என்று ஒரு வார்த்தை, பொத்தானுக்கு முக்கால் பக்கம். சரி, சொன்னபடி செய்துவிட்டேன். பேங்க் சுவரில் பதித்த மெஷின், அறுநூறு ஸ்வோட்டி, ஒரே தடவை. பச்சைப் பொத்தான் திருவிழா பல்பு மாதிரி மின்னியது. நான் பக்கத்தில் சாம்பல் கலரில் இருந்த வேண்டாம் பொத்தானை அழுத்தினேன். "நிச்சயமா? உங்களுக்கு நஷ்டம் வரலாம்" என்று மறுபடியும் மிரட்டினான். நகரி சந்தையில் நான் பார்க்காத மிரட்டலா? இரண்டாம் தரமும் வேண்டாம் என்றேன். பணம் வந்துவிட்டது.

மாப்பிள்ளை, "அத்தே, உங்களுக்கு எதுக்கு காசு, நான் குடுக்கமாட்டனா?" என்கிறார். பீட்ரூட் வாங்கக்கூட மாப்பிள்ளையிடம் கை நீட்டுவதா? செவ்வாய்க்கிழமை இங்கே ஒரு சந்தை கூடுகிறது, கிழவிகள் முட்டையும் கீரையும் கொண்டுவருகிறார்கள். நானே டிராம் ஏறிப் போய் வாங்கிவருகிறேன். பாஷை தெரியாது. விரலைக் காட்டுகிறேன், அவர்களும் காட்டுகிறார்கள். உங்களோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு இதெல்லாம் கஷ்டமா?

சமையல் என்ன செய்கிறீர்கள்? தறிக்கொட்டகை ஓட்டில் ஒழுகுகிறதா? எல்லாம் எழுதுங்கள்.

தாட்சாயணி


கிராகோவ்
23 செப்டம்பர் 2025, செவ்வாய்

ஹரிதாவின் நைனாவுக்கு.

பதினாலு நாள் ஆயிற்று. என் கடிதத்தைப் பார்த்துவிட்டீர்கள் என்று இரண்டு நீலக் கோடு காட்டுகிறது. பார்க்கத் தெரிந்தவருக்கு எழுதத் தெரியாதா? உடம்புக்கு ஒன்றும் இல்லையே? நான் கேட்டால் ஹரிதா, "நைனா அப்படித்தாம்மா, உனுக்குத் தெரியாதா" என்கிறாள். எனக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் பயம். போன வருஷம் சர்க்கரை இறங்கிப் பாவு நூல் ஓட்டும் இடத்தில் மயங்கி உட்கார்ந்தபோதும் நீங்கள் யாரையும் கூப்பிடவில்லை. நானாகத்தான் வந்து பார்த்தேன்.

இன்று இருநூறு எடுத்தேன். நல்ல மழை, பின்னால் நான்கு பேர் குடையோடு நின்றுகொண்டிருந்தார்கள். பதற்றத்தில் பச்சையை அழுத்திவிட்டேன். மெஷின் ரூபாய்க் கணக்கு போட்டுவிட்டது. திட்டுவதாக இருந்தால் திட்டுங்கள்.

முட்டிவலி இருக்கிறது, தைலம் தேய்க்கிறேன்.

தாட்சாயணி


நகரி
23 செப்டம்பர் 2025

தாட்சாயணிக்கு.

மெசேஜ் இப்போதுதான் வந்தது. 5,520 ரூபாய்! வேண்டாம் என்று அழுத்தியிருந்தால் 4,950. ஐந்நூற்று எழுபது ரூபாய் தண்டம். ஒரு நிமிஷம் மழையில் நின்றதற்கு ஐந்நூற்று எழுபது. குடையோடு நிற்பவன் நிற்கட்டுமே, உன் பணத்தை நீ எடுக்கிறாய், அவன் அப்பன் வீட்டுப் பணமா?

எட்டு நாளாகப் பேரம் பேசிக் கோயம்புத்தூர்க்காரனிடம் நூலுக்குக் கிலோவுக்கு மூன்று ரூபாய் குறைத்தேன். இருநூறு கிலோவுக்கு அறுநூறு. நீ ஒரு விரலால் அதைச் சரிக்கட்டிவிட்டாய். அந்த மூட்டைகளை நேற்று இறக்கினோம். நான்காம் தறியில் பாவு அறுந்து அறுந்து போகிறது, ரமணா அழாத குறை. ஒழுகல் இருக்கிறது, மூன்றாம் தறிமேல் தார்ப்பாய் கட்டியிருக்கிறேன். எதிர்வீட்டு பத்மினி நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தாள், உன் கைக்கு அது வராது என்று சொல்லமாட்டேன், ஆனால் நன்றாக இருக்கிறது. காலையில் கேழ்வரகுக் கூழ், மதியம் சோறு, ராத்திரி மிச்சம். நேற்று முருங்கைக்கீரை பறித்து நானே வதக்கினேன், பாதி கருகிவிட்டது. பூனை இரண்டு குட்டி போட்டிருக்கிறது, நூல் மூட்டைமேல்.

அடுத்த தடவை கூட்டம் இருந்தால் திரும்பி வந்துவிடு. கூட்டம் கலைந்ததும் போ. மெஷின் எங்கும் ஓடாது.

சின்னசாமி


கிராகோவ்
7 அக்டோபர் 2025, செவ்வாய்

ஹரிதாவின் நைனாவுக்கு வணக்கம். இங்கே சுகம், அங்கும் சுகமாக இருக்கக் கோவிந்தனை வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் போன கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். போட்டோதான், மாப்பிள்ளை ஆபீசில் அச்சு எடுத்துக் கொடுத்தார். கருகின கீரையைப் பற்றி வாசித்துக் காட்டினேன், ஹரிதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நார்த்தங்காய் என் கைக்கு வராதா? வந்து பார்த்துக்கொள்கிறேன்.

போன செவ்வாய் முந்நூறு எடுத்தேன். சரியாகத்தான் எடுத்தேன், வேண்டாம் என்றே அழுத்தினேன். உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பரவாயில்லை.

இன்று மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டேன். எழுத்து மசமசவென்று தெரிந்தது. எது பச்சை, எது சாம்பல் என்று புரியாமல் அழுத்தினேன். பச்சையாகிவிட்டது போலிருக்கிறது. பூனைக்குட்டி கண் திறந்துவிட்டதா?

தாட்சாயணி


நகரி
7 அக்டோபர் 2025

தாட்சாயணிக்கு.

5,540 ரூபாய். நஷ்டம் ஐந்நூற்று எண்பது. முன்பைவிடப் பத்து ரூபாய் அதிகம், ஏனென்றால் திருடுகிறவன் ரேட்டும் ஏறிக்கொண்டுதான் போகும்.

கண்ணாடி இல்லாவிட்டால் கலர் தெரியாதா? கண்ணாடி எழுத்துக்குத்தான், கலருக்கு இல்லை. கீழே மெஷின் படம் போட்டிருக்கிறேன். வலது பக்கம் கோடு போட்டு நிரப்பியது பச்சை, அதைத் தொடாதே. இடது பக்கம் வெறும் கட்டம், அதுதான் நம்முடையது. இந்தத் தாளை மடித்துப் பர்சில் வை.

நூல் மூட்டையில் ஐம்பது கிராம் குறைந்தாலும் கையால் தூக்கிப் பார்த்தே சொல்கிறவள் நீ. சனிக்கிழமை கூலி பட்டுவாடாவில் இதுவரை ஒரு ரூபாய் தவறியதில்லை. உனக்கு எப்படி இது ஒரே மாதத்தில் இரண்டு தரம் நடக்கிறது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

குட்டிகள் கண் திறந்துவிட்டன. ஒன்று கறுப்பு, ஒன்று மஞ்சள். மஞ்சள் குட்டி ஊடை நூல் கண்டை உருட்டிக்கினு போகிறது, ரமணா அதைத் துரத்திக்கினு போகிறான், வேலை கெட்டது. நான்காம் தறி சரியாகிவிட்டது. கார்வேட்டிநகரத்து வியாபாரி லுங்கித் துணிக்குப் பழைய பாக்கி கொடுத்துவிட்டான். மாத்திரை தீர்ந்தது, வாங்கிவிட்டேன். முந்தாநாள் ரசம் வைத்தேன், மிளகு பொடிக்காமல் முழுசாகப் போட்டுவிட்டேன், துன்னும்போது பல்லில் மாட்டியது.

மூன்றாம் தரம் நடக்காது என்று நினைக்கிறேன்.

சின்னசாமி


கிராகோவ்
21 அக்டோபர் 2025, செவ்வாய்

ஹரிதாவின் நைனாவுக்கு.

தாயும் குழந்தையும் நலம். பதினாறாம் தேதி பிறந்தாள், மூன்று கிலோ இருநூறு. அலர்மேல்மங்கை என்று பெயர், வீட்டில் அலர். போட்டோ அனுப்பினோம். நீங்கள் ஒரு தாள் அனுப்பினீர்கள், அதில் "சந்தோஷம்" என்று ஒரே ஒரு வார்த்தை. அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் ஏதாவது இருக்குமோ என்று. போட்டோவுக்கு ஏது பின்பக்கம்?

பேத்தி பிறந்ததற்கு ஒரு வார்த்தை. பொத்தானுக்கு இரண்டு பக்கம், படத்தோடு. மனசு வலித்தது, சொல்லிவிட்டேன்.

நேற்று தீபாவளி. தனியாக என்ன செய்தீர்கள்? எண்ணெய் தேய்த்துக் குளித்தீர்களா? பத்மினி வீட்டில் கூப்பிட்டிருப்பாள், நீங்கள் போயிருக்க மாட்டீர்கள். இங்கே நான் பச்சிளங்குழந்தைக்குத் தலைக்கு ஊற்றிவிட்டு உங்களை நினைத்தேன்.

இன்றைக்கும் மெஷினில் தவறாகிவிட்டது. இருநூறு. மெசேஜ் பாருங்கள்.

தாட்சாயணி


கிராகோவ்
25 அக்டோபர் 2025, சனி

பத்மினிக்குத் தாட்சாயணி அக்கா எழுதுவது. நீயும் பிள்ளைகளும் சுகமா?

அம்மா, ஒரு உதவி. எதிர்வீட்டுக்குப் போய் உங்க அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கண்ணால் பார்த்து எனக்கு உடனே எழுது. செவ்வாய்க்கிழமையிலிருந்து நான் அனுப்பியது எதுவும் அவர் போனுக்குப் போய்ச் சேரவில்லை, ஒற்றைக் கோடே நிற்கிறது. ரமணாவும் போனை எடுக்கவில்லை.

உன்னிடம் சொல்வதற்கு என்ன வெட்கம். அவருக்குக் கோபம் வந்தால்தான் எழுதுவார். அதற்காக நான் செவ்வாய் ஒரு தப்பு செய்தேன், வியாழன் ஒன்று செய்தேன், நேற்று ஒன்று செய்தேன். மூன்று தப்புக்கும் ஒரு வரி கோபம் வரவில்லை. ஹரிதா பச்சை உடம்புக்காரி, அவளிடம் சொல்லவில்லை.

பார்த்து எழுது, தாயே.

தாட்சாயணி


நகரி
25 அக்டோபர் 2025

அக்காவுக்குப் பத்மினி வணக்கம். முதலில் பயப்படாதீங்க. அண்ணன் நல்லா இருக்கார். உங்கள் கடிதம் பார்த்ததும் ஓடிப்போனேன், இப்போது உங்கள் வீட்டில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் தறிக்கொட்டகையில் இருந்திருக்கிறார். போனில் பேங்க் மெசேஜ் வந்ததாம். அதைப் பார்த்துவிட்டு, எழுத தாள் எடுக்க வேக வேகமாக வீட்டுப்பக்கம் வந்திருக்கிறார். கொட்டகை வாசற்படி மழையில் பாசி பிடித்திருந்தது, அக்கா. வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. போன் சாக்கடைத் தண்ணீரில் போய்விட்டது. ரமணா ஆட்டோவில் புத்தூருக்குக் கூட்டிப்போய்க் கட்டு போடவைத்துக் கூட்டிவந்தான். முன்னைக்கு இப்போது வலி குறைந்திருக்கிறது. சாப்பாடு நான்தான் கொடுக்கிறேன். மாத்திரையும் எண்ணிப் பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது.

உங்களுக்குச் சொல்லக் கூடாது என்று எங்கள் எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருந்தார். அதனால்தான் ரமணா உங்கள் போனை எடுக்கவில்லை, திட்டாதீங்க. "அவ பயந்துகினு முன்னாடியே கெளம்பி வருவா. டிக்கெட்டு மாத்தினா அபராதம் போடுவான். பச்சப்புள்ளைய உட்டுட்டு வரக்கூடாது" என்று சொல்லிக்கினே இருந்தார்.

இப்போது அண்ணன் என்னமோ எழுதச் சொல்கிறார். தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துகிறார், அவருக்குத்தான் தன் குரல் தெரியாதே. "எழுதும்மா, வியாழக்கெழம நூறு, வெள்ளிக்கெழம நூறு. சில்லற சில்லறையா எடுத்தா ஒவ்வொரு தபாவும் நூத்தம்பது போவும்னு சொன்னனா இல்லியா, கேளு!" சிம்மை இன்று காலையில்தான் ரமணாவின் பழைய போனில் போட்டார்கள், மெசேஜ் எல்லாம் மொத்தமாக வந்தது. பார்த்துவிட்டு, "மூணு தபாவா!" என்று சிரித்தார், அக்கா. கட்டுப் போட்ட கையோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

தைரியமாக இருங்கள். அலர் குட்டிக்கு முத்தம்.

பத்மினி


கிராகோவ்
26 அக்டோபர் 2025, ஞாயிறு

ஹரிதாவின் நைனாவுக்கு.

கை எப்படி இருக்கிறது? வீக்கம் இருக்கிறதா? விரலை அசைக்க முடிகிறதா? கட்டை நனைக்காதீர்கள்.

நான் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். செப்டம்பர் இருபத்து மூன்றாம் தேதி பச்சையை அழுத்தியது நிஜமாகவே தவறு. அன்றைக்கு ஒரு மணி நேரத்துக்குள் உங்கள் கடிதம் வந்தது. கீரை கருகியது, பூனை குட்டி போட்டது, ஒழுகல், ஊறுகாய், எல்லாம் அதில் இருந்தது. அதற்கு முன்னால் பதினாலு நாள் நான் கேட்டுக் கேட்டு வராதது எல்லாம் வந்துவிட்டது. அடுத்த தடவை சரியாக எடுத்தேன், கடிதம் இல்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு அழுத்தியது எல்லாம் தெரிந்தேதான். மூக்குக்கண்ணாடி என் மூக்கிலேயேதான் இருந்தது.

கணக்கு போட்டுவிட்டேன். தெரிந்து செய்த நான்குக்கும் ஆயிரத்து எழுநூற்று அறுபது ரூபாய். முதலில், ஒரு கடிதம் ஐந்நூற்று எண்பதுக்குக் கிடைக்கிறதே, ஊரிலிருந்து இவ்வளவு தூரத்துக்கு இது மலிவுதான் என்று நினைத்தேன். இப்போது உங்கள் கையை உடைத்துவிட்டேன். அந்தப் பணத்துக்கு நான் வருத்தப்படவில்லை, அந்த வாசற்படிக்குத்தான் வருத்தப்படுகிறேன். என் மெசேஜைப் பார்த்துக் கோபத்தில் ஓடிவந்துதானே விழுந்தீர்கள். பாவி நான்.

இனிமேல் சத்தியமாகச் சரியாக அழுத்துவேன். நீங்கள் எழுதாவிட்டால் பத்மினியைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். உங்களைத் தொந்தரவு பண்ணமாட்டேன்.

தாட்சாயணி


நகரி
4 நவம்பர் 2025, செவ்வாய்

தாட்சாயணிக்கு.

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். பத்மினியிடம் சொல்லி எழுதவைக்க வேண்டாம் என்று இருந்தேன், அதனால் தாமதம். நான்கு நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன்.

நீ தெரிந்து அழுத்துவது எனக்குத் தெரியும். அக்டோபர் ஏழாம் தேதியே தெரியும். ஐம்பது கிராம் விஷயம் அதற்காகத்தான் எழுதினேன்.

உன் கடிதம் எல்லாவற்றுக்கும் நான் பதில் எழுதினேன். எல்லாவற்றையும் அனுப்பவில்லை. நீ சரியாக எடுத்த நாளில் எழுத உட்காருவேன். சோறு தின்றேன், தூங்கினேன், தறி ஓடியது என்று வரும். இதற்கு ஒரு கடிதமா என்று மடித்து மாத்திரை டப்பாவுக்கு அடியில் வைத்துவிடுவேன். எழுதுகிறவனுக்கு விஷயம் என்று ஒன்று வேண்டாமா? நீ பணத்தைத் தொலைத்தால் விஷயம் கிடைக்கும். பேத்தி பிறந்த அன்று நாலு தாள் எழுதிக் கிழித்தேன். கடைசியில் அந்த ஒரு வார்த்தைதான் சரியாக இருந்தது.

தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். பத்மினி வீட்டுக்குப் போகவில்லை. சத்தம் கேட்காதவனுக்கு வெடி வெறும் புகைதான். மறுநாள் மதியம் உன் மெசேஜ் வந்தது. நான் கோபத்தில் ஓடிவந்து விழுந்தேன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். கோபம் இல்லை. உனக்கு எழுத விஷயம் கிடைத்துவிட்டது என்று ஓடிவந்தேன். படியைப் பார்க்காதது என் தவறு.

இன்று காலை மெசேஜ் பார்த்தேன். நானூறு ஸ்வோட்டி, 9,920 ரூபாய். ஒரே தடவை, சரியான ரேட், ஒரு பைசா நஷ்டம் இல்லை. திட்ட ஒன்றும் இல்லை. இருந்தும் எழுதுகிறேன்.

மதியம் சோறு குழைந்துவிட்டது. ஒற்றைக் கையால் வடித்தேன். மஞ்சள் குட்டியை ரமணா எடுத்துக்கொண்டு போய்விட்டான், கறுப்பு இங்கேயே இருக்கிறது. வாசற்படிப் பாசியைச் சுரண்டிவிட்டோம். முருங்கையில் பூ வந்திருக்கிறது. விரல் அசைகிறது.

உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? இரண்டு கடிதத்தில் நீ எழுதினாய், நான் ஒரு தரமும் கேட்கவில்லை. அந்த மெஷின் வரைக்கும் நடக்க எவ்வளவு தூரம், வழியில் உட்கார இடம் இருக்கிறதா, எழுது.

சின்னசாமி